பெண்கள் வாக்குரிமை வரலாற்றை நாடகமாக்குவது எப்படி: 1917 முதல் 1952 வரை, முழுமையான வழிகாட்டி

பன்னிரண்டு பேர், ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு ஒத்திகை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். இந்தக் கணக்கில் வேலை செய்தால் 45 நிமிட நாடகம் ஒன்று கிடைக்கும். ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்கள், கல்லூரி நாடகக் குழு, மகளிர் சுயஉதவிக் குழு என யார் வேண்டுமானாலும் போடலாம். எடுத்துக்கொண்டிருக்கும் களம் சென்னை மாகாணமும், அதைத் தொடர்ந்து வந்த முதல் பொதுத்தேர்தலும்.

புதிதாக இறங்கும் குழுக்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. தலைவிகள் வரிசையாக வந்து வசனம் பேசுகிறார்கள், கடைசியில் எல்லாரும் கைகோத்துப் பாடுகிறார்கள், திரை விழுகிறது. பார்த்தவர்களுக்கு வாக்குரிமை எப்படி வந்தது என்று ஒன்றும் விளங்கியிருக்காது. அது ஒரே நாளில் எல்லாருக்கும் வந்த பொருளல்ல. நிபந்தனையோடு வந்தது, அதனால் ஒவ்வொரு முறையும் சிலர் உள்ளே போனார்கள், பலர் வெளியே நின்றார்கள். நாடகத்தின் மையத்தில் தலைவியின் சிலையை வைக்காதீர்கள், வாக்காளர் பட்டியலை வையுங்கள்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

‘பெண்கள் வாக்குரிமை வரலாறு’ என்பது தலைப்புதான், அதை அப்படியே நாடகமாக்க முடியாது. மேடைக்கு ஒரு கேள்வி வேண்டும். ‘யார் பட்டியலில் இருக்கிறார்கள், யார் இல்லை, ஏன்?’ என்பது போதும். எழுதும்போது சந்தேகம் வந்தால், அந்தக் காட்சி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறதா என்று மட்டும் பாருங்கள். சொல்லவில்லை என்றால் எவ்வளவு அழகான காட்சியாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள்.

காலத்தையும் சுருக்க வேண்டும். 1917 டிசம்பரில் சென்னையில் பெண்கள் தூதுக்குழு பிரிட்டிஷ் அரசின் இந்தியா மந்திரி மாண்டேகுவைச் சந்தித்ததில் தொடங்கி, 1951-52 பொதுத்தேர்தலில் முடியுங்கள். இடையில் நடந்த எல்லாவற்றையும் காட்டப் போனால் மூன்று மணி நேரம் ஆகும்.

2. முதல் ஒத்திகைக்கு முன் சேர்க்க வேண்டியவை

ஆட்கள்: நடிகர்கள் 10, இசைக்கு ஒருவர் (பறையோ உடுக்கையோ ஒன்று போதும்), ஆவணப் பொறுப்பாளர் ஒருவர். ஆவணப் பொறுப்பாளர் நடிக்கக் கூடாது. ஒத்திகையில் ‘இது எங்கே இருக்கிறது?’ என்று கேட்க ஆளில்லாவிட்டால் மூன்றாவது வாரத்துக்குள் கற்பனை எது, உண்மை எது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

இடம்: 20 அடிக்கு 15 அடி சமதரை. மேடை தேவையில்லை. பார்வையாளர்கள் மூன்று பக்கமும் உட்கார முடிந்தால் நல்லது, அட்டை விளையாட்டுக்கு (பகுதி 8) அது உதவும்.

பொருட்கள்: ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, பழைய கணக்குப் பேரேடு போன்ற பெரிய நோட்டு ஒன்று, தரையில் கோடு போடச் சுண்ணக்கட்டி, தகர டப்பா அல்லது மரப்பெட்டி நான்கு, தபால் அட்டை அளவில் 80 அட்டைகள், மேல்துண்டு ஆறு. பேரேட்டைச் சின்னதாக வாங்கிவிடாதீர்கள். அதுதான் மேடையில் வாக்காளர் பட்டியல், நாடகத்தின் முக்கியப் பாத்திரம், பின்வரிசையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும். விரித்தால் இரண்டு அடி அகலம் இருக்கட்டும்.

3. ஆவணம் முதலில், வசனம் அப்புறம்

முதல் வாரம் யாரும் வசனம் எழுதக் கூடாது. சுவரில் ஒரு கயிறு கட்டி, கீழ்க்கண்ட நிகழ்வுகளை ஒவ்வொரு தாளில் எழுதித் தொங்கவிடுங்கள்.

1917: அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடக்கம். அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா முன்னணியில். டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் மாண்டேகு, வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு இருவரிடமும் தூது.

1918-19: யாருக்கு வாக்குரிமை என்பதை ஆராய்ந்த சவுத்பரோ குழு பெண்களுக்கு வாக்குரிமை தர இப்போது காலம் கனியவில்லை என்று பரிந்துரை. ஹீராபாய் டாடாவும் மகள் மிதானும் லண்டன் சென்று நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம். 1919 இந்திய அரசுச் சட்டம் முடிவை மாகாணச் சட்டசபைகளிடமே விட்டது.

1921: சென்னைச் சட்டசபை பெண் என்ற காரணத்தால் விதித்த தடையை நீக்கியது. ஆனால் சொத்து, வரி நிபந்தனை அப்படியே நின்றது. பம்பாயும் அதே ஆண்டில், வங்காளம் 1925-ல்.

1926: பெண்கள் தேர்தலில் நிற்கவும் அனுமதி. கமலாதேவி சட்டோபாத்யாய் மங்களூரில் நின்று குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராகி, 1927-ல் சட்டசபைத் துணைத் தலைவரானார்.

1935: புதிய சட்டம். சொத்து வைத்திருப்பவரின் மனைவி, எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்ற தகுதிகளால் பெண் வாக்காளர்கள் கூடினர். 1937-ல் தேர்தல்.

1950: அரசியலமைப்பின் 326-ஆம் பிரிவு. 21 வயது வந்த எல்லாருக்கும் வாக்கு. 1951-52-ல் முதல் தேர்தல். சொந்தப் பெயரைச் சொல்லாததால் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இருந்து விடுபட்டார்கள்.

கயிற்றைச் சுவரில் மாட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தேதி தலையில் இருந்தால் நடிகர் அதை வசனத்தில் சொல்லிக்காட்டப் பார்ப்பார். சுவரில் இருந்தால் அந்த ஆசை வராது.

மூலங்களைப் பார்க்க எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகள் இருக்கின்றன. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் அக்காலத் தமிழ் இதழ்களைத் தேடலாம். மாதர் சங்கம் 1918 முதல் நடத்திய ‘ஸ்திரீ தர்மா’ இதழில் சங்கத்தின் வாதங்கள் அதன் வாய்மொழியாகவே கிடைக்கும். நேரில் போக முடியாத ஊர்க் குழுக்கள் எண்ணிமப்படுத்திய பிரதிகளில் இருந்து இரண்டு பக்கம் கிடைத்தாலும் போதும். மொத்தம் பத்துப் பக்கத்துக்கு மேல் சேர்க்காதீர்கள், படிக்க மாட்டார்கள்.

4. தாள் விதி

வரலாற்று நாடகத்தில் ஒரு நேர்மைச் சிக்கல் உண்டு. சரோஜினி நாயுடு பேசியதாக நாம் எழுதிய வசனத்தை, பார்த்தவர் அவர் சொன்னதாகவே வெளியில் போய்ச் சொல்வார். அதைத் தடுக்க எளிய வழி: ஆவணத்தில் உள்ள சொல்லைப் பேசும்போது நடிகர் கையில் வெள்ளைத் தாளை விரித்துப் பிடிக்க வேண்டும். கற்பனையைப் பேசும்போது தாளை மடித்து இடுப்பில் செருக வேண்டும். தொடக்கத்திலேயே கட்டியங்காரன் (தெருக்கூத்தில் போலப் பார்வையாளரோடு நேராகப் பேசுபவன்) இந்த விதியைப் பார்வையாளர்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடட்டும்.

பெயர் தெரிந்த வரலாற்று மனிதர்கள் தாளோடு மட்டுமே பேசலாம். தாள் இல்லாமல் அவர்கள் நடக்கலாம், உட்காரலாம், மௌனமாக இருக்கலாம். கற்பனை வசனம் முழுவதும் பெயரில்லாத பாத்திரங்களுக்கு: குமாஸ்தா, வாயில்காப்போன், நாற்று நடும் பெண், பள்ளி ஆசிரியை, கணக்கெடுப்பவர். இந்த விதியால் நாடகம் வறண்டுபோகும் என்று பயப்படுவார்கள். நடப்பது வேறு. தலைவிகளின் பேச்சு தானாகவே குறைந்து, சாதாரண ஜனங்களின் பேச்சு கூடும்.

5. முதல் நான்கு ஒத்திகை: பிரதி கிடையாது

பிரதியைக் கையில் கொடுத்துவிட்டால் எல்லாரும் உட்கார்ந்து படிப்பார்கள், உடம்பு எழும்பாது. ஆகவே இந்த வரிசையில் போங்கள்.

முதல் ஒத்திகையில் தரையில் ஒரு நீளக் கோடு. ஒரு பக்கம் ‘பட்டியல்’, மறுபக்கம் ‘வெளியே’. இயக்குநர் ஒரு நிபந்தனையைச் சொல்வார்: “சொந்தப் பெயரில் வரி கட்டுபவர்.” ஒவ்வொருவரும் தான் ஏற்ற பாத்திரத்துக்கு ஏற்பக் கோட்டைத் தாண்டவோ நிற்கவோ வேண்டும். பேச்சே கூடாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் தாண்டிப்போனவர்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். அங்கேதான் முதல் காட்சி பிறக்கும்.

இரண்டாவதில் உறைகாட்சி. நான்கு பேர் கொண்ட குழு 1917 தூதுக்குழுவை அசையாத படமாக நிறுத்தட்டும். பிறகு அதே குழு, ‘அந்த அறைக்கு வெளியே இருந்தவர்கள்’ என்று இன்னொரு படம். இரண்டையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள்.

மூன்றாவதில் கேள்வி நாற்காலி. ஒருவர் 1921 சட்டசபை உறுப்பினராக உட்கார, மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். உட்கார்ந்தவர் பத்துப் பக்க ஆவணத்தில் உள்ள வாதத்தை மட்டுமே பயன்படுத்த வேண்டும். எதிர்த்தவர்களை முட்டாளாக நடிப்பதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. மீசையை முறுக்குவார்கள், உறுமுவார்கள். அப்படிச் செய்தால் ‘இப்படிப்பட்ட ஆள் இப்போது இல்லை’ என்று பார்வையாளர் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார். ‘குடும்ப அமைதி’, ‘சமூகம் இன்னும் தயாராகவில்லை’ என்பதை மரியாதையான, இனிமையான குரலில் சொல்ல வையுங்கள். அப்போதுதான் எங்கேயோ கேட்ட குரலாக இருக்கும்.

நான்காவதில் இதுவரை வந்த துண்டுகளைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, அதிலிருந்து ஆவணப் பொறுப்பாளரும் இயக்குநரும் பிரதியை எழுதத் தொடங்கலாம்.

6. காட்சி வரிசை

நான்கு காட்சிகள் போதும். ஐந்தாவதைச் சேர்த்தால் அட்டை விளையாட்டுக்கு நேரம் இருக்காது.

முதல் காட்சி, 1917 (8 நிமிடம்). தூதுக்குழு உள்ளே போகிறது. மனு படிப்பது தாளோடு. ஆனால் காட்சியை வாசலில் வையுங்கள். வாயில்காப்போனும் ஒரு பணிப்பெண்ணும் வெளியே பேசிக்கொள்கிறார்கள், உள்ளேயிருந்து மனு துண்டு துண்டாகக் கேட்கிறது. தூதுபோன பெண்கள் படித்தவர்கள், வசதியானவர்கள். வயலில் இருந்தவர்கள் அந்த அறையில் இல்லை. அவர்களையும் அங்கே கொண்டுவந்து உட்காரவைப்பது நல்லெண்ணம்தான், ஆனால் பொய்.

இரண்டாம் காட்சி, 1921 (8 நிமிடம்). சட்டசபையில் ஆண்கள் மட்டுமே. அந்த உறுப்பினர்களைப் பெண்களே நடிக்கட்டும். மீசை ஒட்ட வேண்டாம், தோளில் மேல்துண்டு போட்டால் உறுப்பினர், எடுத்துவிட்டால் இல்லை. தீர்மானம் நிறைவேறியதும் கைதட்டலோடு முடிக்காதீர்கள். குமாஸ்தா பேரேட்டை விரித்து, ‘சொத்து வரி’ பத்தியில் விரலை ஓட்டட்டும். ஓட்டு கிடைத்த மகிழ்ச்சியும் அந்த விரலும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும்.

மூன்றாம் காட்சி, 1930-களின் தொடக்கம் (9 நிமிடம்). பலர் விட்டுவிடும் காட்சி இது, என்னைக் கேட்டால் நாடகத்திலேயே இதுதான் கனமானது. மாதர் அமைப்புகளின் அதிகாரபூர்வ நிலைப்பாடு வயதுவந்த அனைவருக்கும் வாக்கு, தனி ஒதுக்கீடு வேண்டாம் என்பது. ‘கிடைக்கிறதை முதலில் வாங்குவோம், கணவன் சொத்தை வைத்தாவது உள்ளே போவோம்’ என்றும் குரல்கள் இருந்தன. இரண்டு பெயரில்லாப் பெண்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து இதை வாதாடட்டும். யார் பக்கம் நியாயம் என்று எழுதுபவர் முடிவு செய்யக் கூடாது. ஒருத்தியின் வாதம் இளைத்துத் தெரிந்தால், அடுத்த ஒத்திகையில் நடிகைகளை இடம் மாற்றி நடிக்க வையுங்கள். இளைத்த வாதம் தானாகத் தெம்பாகும்.

நான்காம் காட்சி, 1951 (10 நிமிடம்). அதற்குத் தனிப் பகுதி வேண்டும்.

இடையிடையே வருபவன் கட்டியங்காரன். தெருக்கூத்தில் போலவே அவனுக்குக் காலம் தாண்டவும், பார்வையாளரோடு நேராகப் பேசவும் உரிமை உண்டு. தேதி, சட்டம், எண் எல்லாவற்றையும் அவன் தலையில் கட்டுங்கள். பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் ‘1919-ஆம் ஆண்டுச் சட்டப்படி’ என்று சொல்லிக்கொள்வது காதில் விழவே கூடாது. ஆனால் ஒரு வரம்பு: ஒரு முறைக்கு நான்கு வரிக்கு மேல் அவன் பேசினால் அது பாடமாகிவிடும்.

7. பெயர் கேட்கும் காட்சி

முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, பல பெண்கள் ‘இன்னாரின் அம்மா’, ‘இன்னாரின் மனைவி’ என்றே தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். சுகுமார் சென் தலைமையிலான தேர்தல் ஆணையம் சொந்தப் பெயர் இல்லாமல் பதிவு செய்ய முடியாது என்று உறுதியாக நின்றது. ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளர்களில் 28 லட்சம் பேர் விடுபட்டார்கள். பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், அன்றைய மத்திய பாரத், விந்தியப் பிரதேசப் பகுதிகளில். இதைத் தமிழ்நாட்டுக் கிராமத்தில் நடந்ததாகக் காட்டாதீர்கள். காட்சி ராஜஸ்தானில் என்று கட்டியங்காரன் சொல்லிவிடட்டும். நடிகர்கள் சாதாரணத் தமிழிலேயே பேசலாம், இந்தி வாடை அடிக்கும் தமிழ் வேண்டவே வேண்டாம்.

மாதிரிக்கு ஒரு துண்டு:

கணக்கெடுப்பவர்: வீட்டுல ஓட்டுப் போடுற வயசுல எத்தனை பேரும்மா?
பெண்: ரெண்டு பேரு. அவரும் நானும்.
கணக்கெடுப்பவர்: அவரு பேரு?
(பெண் உள்ளே திரும்பிப் பார்க்கிறாள். உள்ளேயிருந்து ஆண் குரல்: “பிரபுலால்!”)
கணக்கெடுப்பவர்: உங்க பேரு?
பெண்: ராம்லாலோட அம்மான்னு எழுதிக்கோங்க.
கணக்கெடுப்பவர்: அது உங்க பையன் பேரு.
பெண்: அப்படிச் சொன்னாத்தான் ஊருல தெரியும்.
கணக்கெடுப்பவர்: இந்தக் கட்டத்துல உங்க பேரு வேணும்மா. இல்லேன்னா எழுத முடியாது.
(நீண்ட மௌனம்.)
பெண்: எழுதலேன்னா என்ன ஆகும்?

இங்கே பார்வையாளர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எதைப் பார்த்து வருகிறது என்பதுதான் இந்தக் காட்சியின் முழு வேலை. அந்தப் பெண்ணை வெகுளியாக நடித்தால் சிரிப்பு அவள் மேல் விழும், காட்சி கெட்டது. அவள் நிதானமாக, தன் ஊர் ஒழுங்கு தெரிந்தவளாகப் பேச வேண்டும். தடுமாற வேண்டியது கணக்கெடுப்பவர். பேனாவை மூடுகிறார், திறக்கிறார், கட்டத்தைப் பார்க்கிறார். சிரிப்பு அப்போது பேரேட்டின் மேல் விழும். மௌனம் ஏழு வினாடி. ஒத்திகையில் ஏழு வினாடி யுகம் போலத் தெரியும், எல்லாரும் மூன்றிலேயே பேசிவிடுவார்கள். ஒருவர் கடிகாரத்தோடு எண்ணட்டும்.

ஆணையத்தையும் வில்லனாக்க வேண்டாம். ஒருவர் வாக்கை இன்னொருவர் போடாமல் இருக்கவும், பெண்ணைத் தனி ஆளாகப் பதியவும் பெயர் தேவைதான். பீகாரில் பெயரைத் திருத்திக் கொடுக்க ஒரு மாதக் கூடுதல் அவகாசமும் தந்தார்கள். சரியான விதி ஒன்று எப்படி ஆட்களை வெளியே தள்ளுகிறது என்பதுதான் காட்ட வேண்டியது.

8. அட்டை விளையாட்டு

பார்வையாளர் உள்ளே வரும்போதே ஆளுக்கு ஓர் அட்டை. ஆண், பெண் பார்க்காமல் கலைத்துக் கொடுங்கள். நடுவயது ஆண் ஒருவர் கையில் ‘நாற்று நடும் கூலிப் பெண்’ அட்டை இருப்பது நமக்கு வேண்டியதுதான்.

80 அட்டையில் 40 பெண், 40 ஆண். பிரிவு இப்படி:

பெண்: தன் பெயரில் நிலப்பட்டா உள்ள விதவை 1. சொத்துள்ளவரின் மனைவி 2. வாடகை வீட்டில் இருக்கும், படித்த ஆசிரியை 1. கூலி, நெசவு, வீட்டுவேலை, மீன் விற்பனை எனப் பலவகை 34. ராஜஸ்தான், பீகார் என்று ஊர் எழுதி, பெயருக்குப் பதில் ‘இன்னாரின் அம்மா’, ‘இன்னாரின் மனைவி’ 2.

ஆண்: வரி கட்டும் நிலக்காரர், வழக்கறிஞர், வியாபாரி 5. சிறு பட்டாதாரர், படித்த குமாஸ்தா போன்றவர் 11. மற்றவர் 24.

இரண்டாம் காட்சிக்குப் பின் முதல் அழைப்பு. கட்டியங்காரன்: “1923! உங்கள் பெயரில் வரி கட்டுபவர்கள் மட்டும் எழுந்து நில்லுங்கள்.” ஆறு பேர் எழுவார்கள், அதில் பெண் அட்டை ஒன்று. மூன்றாம் காட்சிக்குப் பின் 1937: புதிய தகுதிகளைப் படித்ததும் மொத்தம் இருபது பேர், பெண் அட்டை நான்கு. நான்காம் காட்சிக்குப் பின் 1952: 21 வயது வந்த எல்லாரும். 80 பேரும் எழுவார்கள். பிறகு பெயர் இல்லாத இரண்டு அட்டைக்காரர்களை மட்டும் உட்காரச் சொல்ல வேண்டும்.

எழுந்தவர்கள் கடைசி வரை நிற்கட்டும் என்று விடாதீர்கள், கால் வலிக்கும். ஒவ்வோர் அழைப்பும் முடிந்ததும் உட்காரட்டும். முதியவர்கள் அட்டையை உயர்த்திக் காட்டினால் போதும்.

இதில் கவனிக்க வேண்டியது மூன்று. முதலாவது, 1923-ல் கேட்கும் கேள்வி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். தடை நீங்கிவிட்டது, விதி சமம், ஆனால் எழுந்து நிற்பவர்களைப் பார்த்தால் சமம் இல்லை. சொத்து யார் பெயரில் என்பதை விளக்கப் பேச்சே தேவைப்படாது. இரண்டாவது, அன்று பெரும்பாலான ஆண்களுக்கும் வாக்கு இல்லை. ஆண் அட்டையே வைக்காமல் விளையாடும் குழுக்கள், எல்லா ஆண்களுக்கும் ஓட்டு இருந்ததாகத் தவறான படத்தைத் தருகின்றன. மூன்றாவது, இந்த எண்ணிக்கை மேடைக்காகப் போட்டது, கணக்கெடுப்புப் புள்ளிவிவரம் அல்ல. அதைக் கட்டியங்காரன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடைசி இரண்டு அட்டைக்கு மட்டும் கணக்கு உண்டு: 8 கோடியில் 28 லட்சம் என்பது மூன்றரை விழுக்காடு, 40 பெண் அட்டைக்கு ஏறத்தாழ ஒன்றரை வரும். அரை அட்டையை யார் கையில் கொடுப்பது? இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் 80-க்குக் குறைந்தால், ‘மற்றவர்’ அட்டைகளில் இருந்து குறையுங்கள். எழுந்து நிற்கும் அட்டைகளைக் குறைத்தால் விளையாட்டு படுத்துவிடும்.

9. பெட்டி, மை, சின்னம்

1951-52 வாக்குச்சாவடியை மேடையில் அமைக்கும்போது நிறையப் பிழை வரும். மின்னணு இயந்திரத்தின் ‘பீப்’ ஒலியை யாரும் போடமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள், போடுகிறார்கள். வாக்குச்சீட்டில் பெயர்ப் பட்டியலைப் பார்த்து முத்திரை குத்தும் முறையும் பின்னால் வந்ததே. அந்தத் தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி, பெட்டியின் மேல் அவருடைய சின்னம். வாக்காளர் சீட்டை விருப்பமான பெட்டியில் போட்டால் முடிந்தது. நான்கு தகர டப்பா அதற்காகத்தான். விரலில் மை வைத்தது அப்போதே உண்டு, அதைத் தாராளமாகக் காட்டலாம்.

சின்னத்துக்கு இன்று எந்தக் கட்சியும் பயன்படுத்தாத படங்களாக எடுங்கள். தேர்தல் ஆணையத்தின் தற்போதைய சின்னப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு வரையுங்கள். துண்டு, சேலைக் கரை நிறங்களிலும் கட்சிக் கொடி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்ட காலத்தில் பொது இடத்தில் போடுவதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். ஒலிபெருக்கிக்கு எப்போதுமே காவல் நிலையத்தில் கேட்க வேண்டும்.

வாக்கு வயது 21. ‘பதினெட்டு வயசாச்சு, ஓட்டுப் போடப் போறேன்’ என்ற வசனம் 1952-ல் வந்தால், 1988-ஆம் ஆண்டுத் திருத்தத்தை 36 வருடம் முன்னால் இழுத்துவிட்டீர்கள்.

10. இலங்கையில் போடுவதானால்

மேலே உள்ள முறை அப்படியே பொருந்தும், அட்டைகள் மட்டும் மாறும். இலங்கையின் ஆட்சிமுறையை ஆராய்ந்த பிரிட்டிஷ் டொனமூர் ஆணைக்குழு 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வாக்குரிமையைப் பரிந்துரைத்தது. 1931-ல் நடைமுறைக்கு வந்தபோது 21 வயதாக, ஆணுக்குச் சமமாக வந்தது. 1932-ல் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கில் வென்று அரசுப் பேரவைக்குள் போனார். சொத்து அழைப்பு இங்கே வேண்டாம்.

அதற்குப் பதில் தோட்டத் தொழிலாளப் பெண்ணின் அட்டையைக் கடைசி வரை பின்தொடருங்கள். 1931-ல் இந்திய வம்சாவளியினருக்கு நிரந்தர வசிப்பு பற்றிய நிபந்தனைகள் இருந்தன. 1948 குடியுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழர் பெரும்பாலோரின் வாக்கையே பறித்தன. எழுந்து நின்றவர்களை மறுபடி உட்காரச் சொல்லும் அழைப்பு அது. வேறெந்த வசனமும் அந்த இடத்தில் தேவையில்லை, கட்டியங்காரன் ஆண்டை மட்டும் சொல்லட்டும்.

11. ஒத்திகை நாட்கணக்கு

ஒத்திகை 1 முதல் 4 வரை பிரதி இல்லாமல். 5, 6-ல் பிரதி வாசிப்பு, வெட்டு. முதல் பிரதி எப்படியும் 70 நிமிடம் வரும். வெட்டுவது கட்டியங்காரன் பேச்சில் இருந்து தொடங்கட்டும். 7 முதல் 9 வரை காட்சி காட்சியாக. 10-ல் முழு ஓட்டம், பொருட்களோடு. 11-ல் பத்துப் பேரை வெளியில் இருந்து கூப்பிட்டு அட்டை விளையாட்டை மட்டும் நடத்திப் பாருங்கள். இதைத் தவிர்க்கும் குழுவுக்கு அரங்கேற்ற நாளில் அட்டை எழுத்து சின்னதாக இருப்பதும், இருட்டில் யாராலும் படிக்க முடியாததும் தெரியவரும். அழைப்பு நேரத்தில் பார்வையாளர் பக்கம் விளக்கை ஏற்ற ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள். 12-வது ஒத்திகை முழு ஓட்டம், இடையில் நிறுத்தாமல்.

காலர் மைக் வேண்டாம். பெஞ்சு, பேரேடு, அட்டைச் சலசலப்பு எல்லாம் அதில் இரையும். 80 பேருக்குத் திறந்த குரலே எட்டும். எட்டாவிட்டால் பார்வையாளரை நெருக்கி உட்கார வையுங்கள்.

12. முடிந்ததும் இருபது நிமிடம்

‘நாடகம் எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘அருமை’ என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். அட்டையை வைத்துக் கேளுங்கள்: “உங்கள் கையில் இருக்கும் பெண் 1937-ல் ஏன் எழவில்லை? எழ என்ன தேவைப்பட்டது?” பதில் சொல்ல அட்டையைப் பார்த்தால் போதும் என்பதால், கூச்சப்படுபவர்களும் பேசுவார்கள். மூன்றாம் காட்சி வாதத்தில் யார் பக்கம் என்று கை தூக்கச் சொல்லலாம், தூக்கியவரிடம் எதிர்ப்பக்க வாதத்தைச் சொல்லச் சொல்லுங்கள்.

வெளியே போகும் வழியில் ஒரு மேசை போட்டு, புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6, திருத்தத்துக்குப் படிவம் 8 இரண்டிலும் இருபது இருபது நகல், நாலு பேனா வையுங்கள். அந்தப் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரை அழைத்திருந்தால் சந்தேகங்களை அங்கேயே தீர்த்துவைப்பார். வீட்டுப் பெண்களின் பெயர் பட்டியலில் எந்த எழுத்தில் இருக்கிறது என்று கைப்பேசியில் பார்க்கத் தெரிந்த நடிகர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். கூட்டம் அந்த மேசையைத்தான் மொய்க்கும், ஆகவே அதை வாசலை மறைக்காமல் ஓரமாகப் போடுங்கள்.